லத்தீனா பெண்களின் வாழ்க்கைக் கதைகளைக் கல்லூரியில் படிப்பது எப்படி: முதல் வாரத்திலிருந்து இறுதிப் பேப்பர் வரை

அமெரிக்காவில் கணினியோ பொறியியலோ உயிரியலோ எடுத்துப் படிக்கப் போகிறவர்கள்கூட, பெரும்பாலான கல்லூரிகளில் சமூகம், பண்பாடு சார்ந்து ஒன்றிரண்டு பாடங்களை முடித்தால்தான் பட்டம் வாங்க முடியும். அந்தப் பட்டியலில் லத்தீனா பெண்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட பெண்களின், வாழ்க்கைக் கதைகள் பற்றிய பாடத்தைப் பார்த்ததும், கதைதானே, சுலபமாகக் கிரெடிட் வாங்கிவிடலாம் என்று பல பேர் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் பேப்பர் திரும்பி வரும்போதுதான் திகைப்பு. புத்தகத்தை முழுசாகப் படித்திருப்பார்கள், மனம் உருகியிருப்பார்கள், கதைச் சுருக்கத்தை மூன்று பக்கம் எழுதி, கடைசியில் "இவர் எவ்வளவு துணிச்சலான பெண்" என்று முடித்திருப்பார்கள். மதிப்பெண் வராது. வரவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் அந்த ஒரு வரியை எந்தப் பெண்ணைப் பற்றியும் எழுதிவிடலாம்.

இந்தப் பாடத்தில் தேற நாலு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கதையைச் சொன்னது யார், யாரிடம் சொன்னார், எந்தச் சட்டங்களுக்கு நடுவே வாழ்ந்தார், எதைச் சொல்லாமல் விட்டார். கீழே வருவதெல்லாம் இந்த நாலையும் எப்படிக் கேட்பது என்பதுதான்.

முதலில், எந்த நாடு, எந்த ஆண்டு, என்ன காகிதம்

லத்தீனா என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல வரலாறுகள் இருக்கின்றன. அமெரிக்காவோடு நடந்த போரில் தோற்ற மெக்சிகோ, 1848 உடன்படிக்கையில் தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு நகரவே இல்லை, நாடுதான் மாறிப்போனது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று சிக்கானோ மக்கள் (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள்) சொல்வது இதைத்தான். அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917 சட்டப்படி அமெரிக்கக் குடிமக்கள், அவர்கள் நியூயார்க்குக்கு வர விசாவே தேவையில்லை. கியூபாவிலிருந்து 1959 புரட்சிக்குப் பிறகு வந்தவர்களை அமெரிக்கா அகதிகளாக வரவேற்றது. எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது தப்பி வந்தவர்களுக்கோ புகலிடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது, அவர்கள் ஊராரைக் கொன்ற அரசுக்கு அமெரிக்காவே ஆயுதமும் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே புத்தகத்தைத் திறந்ததும் ஒரு அட்டையில் நாலு விவரம் எழுதுங்கள்: பிறந்த ஊர், கிளம்பிய ஆண்டு, அப்போது வயது, கையில் இருந்த காகிதம் (விசா, குடியுரிமைச் சான்று போன்றவை). எழுத்தாளர் ரெய்னா கிராண்டே மெக்சிகோவின் இகுவாலாவில் 1975இல் பிறந்து, எட்டோ ஒன்பதோ வயதில் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லையைத் தாண்டியவர். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர் 1954இல் நியூயார்க்கின் பிராங்ஸில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இருவருக்கும் வறுமை உண்டு, இருவர் வீட்டிலும் ஸ்பானிஷ் உண்டு, இருவரும் படிப்பால் மேலே வந்தவர்கள். ஆனால் ஒருவருக்குப் போலீஸ்காரரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும், மற்றவருக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் "இருவரும் தடைகளைத் தாண்டினார்கள்" என்று எழுதினால் பாடத்தின் பாதி போய்விட்டது.

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளி டொமினிக்கன் பெண்ணுக்கும், மியாமியில் குடியேறிய வெள்ளை நிற கியூபப் பெண்ணுக்கும், ஸ்பானிஷே இரண்டாம் மொழியாகக் கற்ற, மத்திய அமெரிக்கப் பூர்வகுடியான மாயாப் பெண்ணுக்கும் ஒரே அனுபவம் இருக்க முடியாது. மாயாப் பெண்கள் பலர் தங்களை லத்தீனா என்று சொல்லிக்கொள்வதே இல்லை.

இந்தப் புத்தகம் எப்படிப் புத்தகமானது?

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

தானே எழுதிய தன்வரலாறு ஒரு வகை. வாயால் சொல்லி இன்னொருவர் எழுதியது வேறு வகை. பல பெண்கள் கூடி உட்கார்ந்து பேசி, சேர்ந்து எழுதிய தொகுப்புகள் உண்டு, 2001இல் லத்தீனா பெண்ணியக் குழு வெளியிட்டது அப்படிப்பட்டது. நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலமும் வாழ்க்கைக் கதைதான். சான்ட்ரா சிஸ்னெரோஸ் போன்றவர்கள் தாங்கள் வளர்ந்த தெருக்களை வைத்து எழுதியது புனைகதை, அதை வாழ்க்கை வரலாறாக எடுத்து மேற்கோள் காட்டினால் தவறு.

லத்தீன் அமெரிக்காவில் டெஸ்டிமோனியோ என்று ஒரு வடிவம் வளர்ந்தது. அதில் பேசுகிறவர் தன் ஒருத்தியின் கதையாக மட்டும் அதைச் சொல்வதில்லை, தன் ஊருக்கே நேர்ந்ததற்குச் சாட்சி சொல்கிறார், உடனே ஏதாவது செய்யுங்கள் என்று கேட்கவும் செய்கிறார். பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி டோமிதிலா பாரியோஸ், 1975இல் மெக்சிகோ நகரில் நடந்த ஐ.நா. பெண்கள் ஆண்டுக் கூட்டத்தில் பேசியவர். பிரேசிலைச் சேர்ந்த மோயேமா வியெஸ்ஸர் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்ததுதான் 1977இல் புத்தகமானது.

எல்லா சிலபஸிலும் தலைகாட்டுவது ரிகோபெர்ட்டா மென்ச்சூ. குவாதமாலாவின் கிச்சே மாயாப் பெண். 1982இல் பாரிஸில், எலிசபெத் பர்கோஸ் என்ற வெனிசுவேலா ஆய்வாளரிடம், சில ஆண்டுகளுக்கு முன்புதான் கற்ற ஸ்பானிஷில், ஏறத்தாழ ஒரு வாரம் பேசினார். அப்போது வயது 23. பர்கோஸ் அந்த ஒலிப்பதிவைத் தாளில் இறக்கி, தான் கேட்ட கேள்விகளை நீக்கி, பேச்சைத் தலைப்பு வாரியாக அடுக்கி 1983இல் வெளியிட்டார். நாம் படிக்கும்போது மென்ச்சூ ஒரே மூச்சில் நம்மிடமே பேசுவதுபோல் இருப்பது அந்த வேலையால்தான். 1992இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

1999இல் டேவிட் ஸ்டோல் என்ற மானுடவியலாளர், சில இடங்கள் நடந்தபடி இல்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். தம்பி உயிரோடு எரிக்கப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக மென்ச்சூ சொன்னது அப்படி நடக்கவில்லை, தனக்குப் படிப்பே இல்லை என்றதும் சரியில்லை, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்திருக்கிறார் என்றார். தம்பியை ராணுவம் கொன்றது உண்மை என்பதை ஸ்டோலும் மறுக்கவில்லை. அதே 1999இல் ஐ.நா. ஆதரவோடு இயங்கிய உண்மை கண்டறியும் குழு, குவாதமாலாவின் உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் போயோ இருக்கலாம் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள் என்றும் அறிக்கை கொடுத்தது.

வகுப்பில் இது வரும்போது "பொய் சொன்னாரா, உண்மை சொன்னாரா" என்ற பட்டிமன்றமாக ஆகிவிடும். அதில் மாட்டாதீர்கள். ஒரு குறிப்பிட்ட பத்தியை எடுத்து, இது அவர் கண்டதா, கேட்டதா, ஊரே பட்டதைத் தன் பெயரில் சொல்வதா என்று கேளுங்கள். அப்புறம், குடும்பத்தில் பலரை இழந்து, நாடு கடந்து இருந்த 23 வயதுப் பெண் ஐரோப்பாவின் கவனத்தை எப்படியாவது திருப்ப வேண்டிய நிலையில் பேசினார் என்பதையும் எடை போடுங்கள். என் கருத்து, சாட்சியத்தைத் தேதி தேதியாகச் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும், ஆனால் ஒரு தேதி தவறியதால் சாட்சியமே விழுந்துவிட்டது என்பவர்கள் அந்த இரண்டு லட்சத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காதவர்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் வாழ்க்கையில் நடந்தது, வலப்பக்கம் அதே ஆண்டில் நாட்டில் நடந்தது. சாதாரண வேலைதான், ஆனால் பேப்பருக்கு வாதம் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கங்களிலிருந்துதான்.

எஸ்மெரால்டா சாந்தியாகோவை எடுத்துக்கொள்வோம். 1948இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 1961இல் அம்மாவோடு புரூக்ளினுக்கு வந்தவர். அவருடைய முதல் தன்வரலாறு 1993இல் வந்தது. அதில் மக்கூன் என்ற கிராமத்தில் ஒரு காட்சி. ஊர்த் தாய்மார்களைக் கூட்டி, சத்தான உணவு எது என்று வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் படம் காட்டிப் பாடம் எடுக்கிறார். படத்தில் ஆப்பிள், பேரிக்காய், புரோக்கோலி. அந்த மண்ணில் விளைகிற எதுவும் இல்லை. அரிசி எங்கே, பீன்ஸ் எங்கே என்று தாய்மார்கள் பார்க்கிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். இப்போது வலப்பக்கம் எழுதுங்கள்: தீவை விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றும் பெரும் திட்டம் 1940களின் கடைசியில் தொடங்கியது, நிலத்தை நம்பியிருந்தவர்களுக்கு வேலை போனது, 1950களில் லட்சக்கணக்கானோர் நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் விளைவது உங்களுக்கு உதவாது என்று தாய்மார்களிடம் சொல்லும் அந்த வகுப்பும், பதின்மூன்று வயதுப் பெண் விமானம் ஏறுவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று புரியும்.

புரூக்ளின் பள்ளியில் தலைமையாசிரியர், ஆங்கிலம் வராது என்பதற்காக அவரை ஏழாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்காரச் சொல்கிறார். இவர் தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை வைத்து அங்கேயே பேரம் பேசி எட்டாம் வகுப்பு வாங்கிவிடுகிறார். கிடைத்ததோ, படிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பிரிவு. முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. பேப்பரில் எடுத்து அலச இப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள், பரிசு வாங்கிய இடங்களை விட்டுவிடுங்கள்.

சொல்லாமல் விட்டதைப் படிப்பது

மென்ச்சூ தன் புத்தகத்தின் முடிவிலேயே, யாருக்கும் தெரியக் கூடாதவற்றை இன்னும் ரகசியமாகத்தான் வைத்திருக்கிறேன் என்கிறார். தன் மக்களின் சடங்குகள் சிலவற்றை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதைத் தோண்டி எடுப்பது நம் வேலை கிடையாது. இங்கே கதவு மூடியிருக்கிறது, யாருக்கு எதிராக, ஏன் என்று எழுதுவதுதான் வேலை.

வேறு வகை மௌனமும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய அரசு மருத்துவமனையில், 1960களின் கடைசியிலிருந்து 1970களின் முதல் பாதி வரை, மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பல பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார்கள். வலியின் உச்சத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதாகப் பெண்கள் சொன்னார்கள், தனக்கு என்ன செய்தார்கள் என்பதே சிலருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள், மாட்ரிகால் எதிர் குவில்லிகன் என்ற வழக்கு. 1978இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார், எல்லாம் தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த கோளாறு என்றார். வழக்கு தோற்றாலும் அந்தப் போராட்டத்தால் ஸ்பானிஷிலும் படிவம், கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே காத்திருப்புக் காலம் என்ற விதிகள் வந்தன. அந்தப் பெண்களில் சிலர் இதைப் பல வருடம் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. வாக்குமூலத்தைப் படிக்கும்போது, வக்கீல் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது, கேட்காததற்கு இடமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நீதிமன்றத் தாளும் வாழ்க்கைக் கதைதான், ஆனால் கேள்வி வக்கீலின் கையில் இருக்கும் கதை.

ஸ்பானிஷ் வந்தால் பயப்படாதீர்கள்

தெற்கு டெக்சஸில் 1942இல் பிறந்த குளோரியா அன்சால்துவா, 1987இல் வந்த தன் நூலில் ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் கலந்தே எழுதினார், பல இடங்களில் விளக்கம் கொடுக்காமல். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக ரூலர் தடியால் விரல் முட்டியில் மூன்று அடி வாங்கியதை அதிலேயே சொல்கிறார். உச்சரிப்பைச் சரி செய்யவென்றே கல்லூரியில் தனிப் பாடம் எடுக்கவைத்ததையும் சொல்கிறார். அடித்து நிறுத்தப் பார்த்த மொழியில்தான் எழுதுகிறார், புரியாமல் நிற்கும் அந்த நிமிடம் வாசகருக்கும் வரட்டும் என்று விடுகிறார். எனவே முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாமல் படியுங்கள், எங்கே மொழி மாறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள், இரண்டாம் வாசிப்பில் பொருள் பாருங்கள். அம்மாவைப் பற்றியா, கோபத்திலா, சாமியைப் பற்றியா, எப்போது மாறுகிறார் என்பதே ஒரு பேப்பருக்குப் போதுமான விஷயம்.

புத்தகமே எழுதாதவர்கள்

எல்லாரும் புத்தகம் எழுதுவதில்லை. எம்மா டெனாயூக்கா 1938இல், 21 வயதில், சான் அன்டோனியோவில் பீக்கன் கொட்டை உடைக்கும் சுமார் 12,000 தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு முகமாக இருந்தவர். தொழிலாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். அவர் கம்யூனிஸ்ட் என்பதால் 1939இல் அவர் பேச இருந்த கூட்டத்தையே கும்பல் தாக்கியது, பின்னர் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று, பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்து ஆசிரியையாக வேலை பார்த்தார். அவர் வாழ்க்கையைப் பத்திரிகைச் செய்தி, புகைப்படம், முதிய வயதில் கொடுத்த பேட்டி என்று சேகரித்துத்தான் கட்ட வேண்டும். 1938இன் செய்தித்தாள் ஒரு பக்கம், வயதான பின் அவரே சொன்னது மறுபக்கம், இரண்டும் எங்கே முட்டுகின்றன என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

தேட ஆரம்பிக்க நல்ல இடங்கள்: ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வோசஸ் வாய்மொழி வரலாற்று மையம், அதே வளாகத்தின் பென்சன் நூலகம் (அன்சால்துவாவின் கையெழுத்துப் பிரதிகள் அங்கேதான் உள்ளன), நியூயார்க் ஹன்டர் கல்லூரியின் போர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம். நூலகரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கூகுளோடு நிற்பவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

நீங்களே பேட்டி எடுக்க வேண்டி வந்தால்

பல இடங்களில் இறுதி வேலையாக, ஒரு லத்தீனா பெண்ணைச் சந்தித்துப் பேசிப் பதிவு செய்யச் சொல்வார்கள். கல்லூரி ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்று பேராசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவத்தை அவருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் கொடுங்கள், படித்துப் பார்க்க ஒருநாள் விடுங்கள்.

உங்களிடம் காகிதம் இருக்கிறதா என்று கேட்கவே கூடாது. அவராகச் சொன்னாலும், பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள், பெயரும் ஊரும் வேலை செய்யும் இடமும் தாளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வகுப்பில் கொடுக்கும் கோப்பு எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை, அதனால் வரும் ஆபத்தோ முழுக்க அவருக்கு.

கேள்விகள் கையில் தொடக்கூடியவையாக இருக்கட்டும். "குடியேற்றம் உங்களை எப்படிப் பாதித்தது" என்றால் அவர் டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்", "ஊருக்குப் பணம் அனுப்ப எங்கே போவீர்கள், கூட யார் வருவார்", "உங்கள் அம்மா விடியற்காலையில் எழுந்ததும் முதலில் செய்யும் வேலை என்ன" என்று கேட்டுப் பாருங்கள், மாவு அரைக்கும் கல்லிலிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவார். பேசி முடித்து அமைதியானால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அழுதால் நிறுத்துங்கள், தொடரலாமா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். நடுவில் மகளையோ மகனையோ மொழிபெயர்க்க உட்காரவைப்பதைக் கூடியவரை தவிருங்கள், பிள்ளை முன்னால் ஒரு தாய் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்று நமக்குத் தெரியாததா.

பதிவை நீங்களே எழுத்தில் இறக்குங்கள். மென்பொருள் முதல் வரைவு கொடுக்கும், ஆனால் இரண்டு மொழி கலந்த பேச்சில் ஊர்ப்பெயரையும் உறவுப்பெயரையும் கொன்றுவிடும்.

பேப்பர் எழுதும்போது

ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு சட்டம் அல்லது நிகழ்வு, இரண்டுக்கும் நடுவே ஒரு வாதம். இவ்வளவு போதும். வாழ்க்கை முழுவதையும் சுருக்கிச் சொல்ல வேண்டாம், பேராசிரியர் அதைப் படித்தவர்தான்.

உங்கள் இடத்தையும் எழுதுங்கள், ஆனால் அளவாக. ரூத் பெஹார் என்ற கியூப அமெரிக்க மானுடவியலாளர், மெக்சிகோவின் தெருவில் பொருள் விற்கும் ஒரு பெண்ணின் கதையை எஸ்பரான்சா என்ற புனைபெயரில் 1993இல் நூலாக்கினார். கடைசியில் தன் சொந்தக் கதையையும் சேர்த்தார். படித்துப் பேராசிரியரானவரின் போராட்டத்தைத் தெரு வியாபாரியின் போராட்டத்தோடு ஒன்றாக வைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நம்மவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. சாதியாலும் போராலும் குடும்பத்தில் காயம்பட்டவர்களுக்கு இந்தக் கதைகள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பாமாவின் கருக்கு போன்ற தலித் தன்வரலாறுகளை டெஸ்டிமோனியோவோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வு மரபே இருக்கிறது, ஆகவே ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். மாணவர் விசாவில் வந்தவருக்கும் பாலைவனத்தில் நடந்து வந்தவருக்கும் எல்லை ஒன்றேதான், காவலர் நடத்தும் விதம் ஒன்றில்லை.

வகுப்பில் லத்தீனா தோழி இருந்தால் "உங்கள் வீட்டிலும் இப்படித்தானா" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அவரும் கிரெடிட்டுக்காக வந்த மாணவிதான்.

பேட்டி கொடுத்தவருக்குத் தட்டச்சு செய்த பிரதியை, பேப்பரைச் சமர்ப்பிப்பதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் கொடுங்கள். எதை நீக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் நீக்குங்கள். செமஸ்டர் முடிந்ததும் ஒலிப்பதிவின் ஒரு நகலை அவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் போனிலும் மடிக்கணினியிலும் கிளவுடிலும் இருக்கும் பிரதிகளை என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.